கழுத்துத் துண்டு

சிலுவையைத் தேடிக் கண்டெடுத்த எலெனா அரசியின் கழுத்து எப்படி இருந்தது என்று எந்த வேதப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆனால் கொன்சிங்குக்குத் தெரியும். வெள்ளையாக இருந்தது. சுருக்கமில்லாமல், நீளமாக, சங்கிலி போட்டால் எடுப்பாகத் தெரிகிற மாதிரி இருந்தது. மொத்தத்தில் கொன்சிங்கின் மகள் ட்ரிக்ஸியின் கழுத்து மாதிரியே இருந்தது.

அதனால்தான், போன ஞாயிறு பூசை முடிந்து பாதிரியார் இந்த வருஷ மே ஊர்வலத்தில் எலெனா அரசி வேஷம் போட்டு நடக்கப்போவது நிங்னிங் என்று சொன்னபோது, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த கொன்சிங்கின் விசிறி அப்படியே நின்றது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். “அரசி தலைக்கு மேல தூக்கிட்டு வர்ற பூ வளைவைப் பெருசாக் கட்டச் சொல்லுங்க ஃபாதர்” என்று ஒரு குரல் கேட்டது. மே மாதம் முழுக்க வாண்டுகளை வரிசையில் நிறுத்தி மாதாவுக்குப் பூப்போட வைத்தவள் அந்தப் பெண்தான், வேறு யாரைச் சொல்வேன் என்று பாதிரியார் கேட்டார். எல்லாரும் ஜெபப் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தார்கள். எழுந்துவிட்டால் ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. அது பாதிரியாருக்குத்தான் தெரியவில்லை.

நிங்னிங்குக்குப் பதினாறு வயது. குண்டான பெண். இதை நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லிவிடும். ஏரிக்கரை ஊர்களில் ஒருத்தியைப் பார்த்ததும் “சாப்பிட்டியா” என்று கேட்பதற்கு முன்னால் “இன்னும் பெருத்துட்டியே” என்றுதான் சொல்வார்கள். கேட்டால், அது அன்பாம்.

பருமனோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பத்து வயதில் அவள் கழுத்தைச் சுற்றி நிறம் மாறத் தொடங்கியது. முதலில் நிழல் விழுந்த மாதிரி இருந்தது. பிறகு தடித்து, வெல்வெட் துணி மாதிரி மடிப்பு மடிப்பாகக் கறுத்தது. அன்றிலிருந்து ஊருக்கு ஒரே வார்த்தை, அழுக்கு. குளிக்கத் தெரியாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வகுப்புக்கு நடுவில் எழுப்பி, கழுத்தைக் கழுவிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிக்கிற பிள்ளை அது.

ஊர்வல நாள் காலையில் அம்மா தெல்ஃபினா மகளைக் குளியலறை முக்காலியில் உட்கார வைத்தாள். எலுமிச்சையைவிடச் சின்னதான கலமன்சிக் காய்களை அறுத்துப் பிழிந்து கழுத்தில் ஊற்றினாள். மேலே பப்பாளி சோப். அந்தச் சோப்பும் கொன்சிங் விற்றதுதான். மூன்று வருஷமாக, தன் தம்பி ரூபெனின் குடும்பத்துக்கு, ஊரில் யாருக்கும் கொடுக்காத சலுகையில். பிறகு உடம்பு தேய்க்கிற கரடுமுரடான கல்லை எடுத்தாள். இந்த ஊரில் எல்லார் வீட்டுக் குளியலறையிலும் அந்தக் கல் இருக்கும். மற்ற பிள்ளைகளுக்கு அதைக் கண்டால் கூச்சம். நிங்னிங்குக்குப் பயம்.

“போதும்மா. எரியுது.”

“இன்னிக்கு ஒரு நாள்டி. ஊரே பாக்கப்போகுது.”

தெல்ஃபினா மோசமான அம்மா இல்லை. சந்தை முனையில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். கணவன் ரூபென் கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்தில் பெரும்பகுதி அவன் முகம் ஃபோனில்தான். மகளை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் தேய்த்தாள். சொல்கிறவர்களின் வாயைத் தேய்க்க முடியாது, மகளின் கழுத்தைத் தேய்க்கலாம் என்று நினைத்துவிட்டாள். எத்தனை அம்மாக்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்களோ!

கல்லில் சிவப்பு தெரிந்த பிறகுதான் அவள் கை நின்றது. நிங்னிங் அழவில்லை. கழுத்தின் பின்பக்கம் தோல் உரிந்து ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்திருந்தது. கறுப்பு அப்படியே இருந்தது.

இந்தக் கழுத்தோடு எப்படி கவுன் போடுவது? தெல்ஃபினா விரித்து வைத்திருந்த கவுனை மறுபடி மடித்தாள். மருந்து வாங்கித் தடவினால் மாலைக்குள் சிவப்பாவது வற்றும் என்று மகளைப் பக்கப்பெட்டி வைத்த மோட்டார் ட்ரைசிக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர் மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கே டாக்டர் இனெஸ் இருந்தாள். புதிதாக வந்தவள், சின்ன வயது. கழுத்தைப் பார்த்தாள். யார் தேய்த்தது என்று கேட்டாள். தெல்ஃபினா தன் கழுத்தில் கிடந்த வெள்ளைத் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு, நான்தான் என்றாள். ஆறு வருஷமாத் தேய்க்கறேன், அழுக்கு போகவே மாட்டேங்குது டாக்டர் என்றாள்.

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு பஞ்சால் காயத்தைத் துடைத்தாள். கோபத்தை விழுங்குகிறாள் என்று நிங்னிங்குக்குத் தெரிந்தது. தன்மேல்தான் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அதுதானே பழக்கம்.

“அம்மா, இது அழுக்கே இல்ல” என்றாள் டாக்டர். “இவ உடம்பு இன்சுலினை அளவுக்கு மேல சுரக்குது. சுரந்தாலும் உடம்பு அதுக்குக் கட்டுப்பட மாட்டேங்குது. அந்த எச்சரிக்கைதான் தோல்ல இப்படிக் காட்டுது. தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடிச்சு இன்னும் கறுக்கும். நீங்க ஆறு வருஷமா அபாயமணிய ஈரத்துணி போட்டுத் துடைச்சிக்கிட்டு இருக்கீங்க.”

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது, இப்போதே பிடித்தால் திருப்பி அனுப்பலாம் என்றாள். சாப்பாடு, நடை, முழுசாக ஒரு ரத்தப் பரிசோதனை. எடை குறைந்து உள்ளே சரியானால் கழுத்தும் மெல்ல மெல்ல வெளுக்கும், சோப்புக்கு அங்கே வேலையில்லை என்றாள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாள். இல்லை என்று நிங்னிங் முணுமுணுத்தாள். அதையும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் டாக்டர் வந்து உயரம் பார்ப்பார், எடை பார்ப்பார். ஒருவர் “தின்றதைக் குறை” என்றார். இன்னொருவர் கழுத்தைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். படித்தவர்கள்தான். பார்த்தவர்கள்தான். குண்டான பிள்ளை என்றால் அதற்கு மேல் என்ன பார்க்க இருக்கிறது?

“குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?” என்று டாக்டர் கேட்டாள். கேட்டுக்கொண்டே தெல்ஃபினாவின் துண்டைப் பார்த்தாள்.

அந்தத் துண்டில்லாமல் தெல்ஃபினாவை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அடுப்படியில் வியர்வைக்கு. சந்தையில் வெயிலுக்கு. பூசைக்குப் போனால் மட்டும் துண்டு இருக்காது, உயரக் காலர் வைத்த சட்டை இருக்கும். கணவன்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை.

“யாருக்கும் இல்ல” என்றாள் தெல்ஃபினா.

“நீங்களும் கொஞ்சம் உக்காருங்களேன். ஒரு சொட்டு ரத்தம்தான்.”

“எனக்கு நேரமில்ல டாக்டர். சாயங்காலம் ஊர்வலம்.”

“கால்ல எரிச்சல், மரத்துப்போறது, அப்படி ஏதாச்சும்?”

தெல்ஃபினா சிரித்தாள். இந்த அறைக்குள் வந்த பிறகு முதல் முறையாக அவளுக்குப் பெருமையாகச் சொல்ல ஒரு விஷயம் கிடைத்திருந்தது. ரூபெனின் கப்பல் ஒரு புயலில் மாட்டித் தப்பிய வருஷத்திலிருந்து, மே ஊர்வலத்தில் செருப்பில்லாமல் நடப்பதாக அவளுக்கு ஒரு வேண்டுதல். முதல் வருஷங்களில் தார் ரோடு கொதித்தது, பாதம் கொப்பளித்தது. இப்போதெல்லாம் ஒன்றும் தெரிவதில்லை. கல்லும் முள்ளும் பஞ்சாகிவிட்டது. மாதா வேண்டுதலை ஏற்றுக்கொண்டாள் என்று ஊர்ப் பெண்களே சொல்கிறார்கள். போன வருஷம் ஒருத்தி குனிந்து அவள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எனக்கு வலிக்கிறதே இல்ல டாக்டர்” என்றாள்.

டாக்டரின் முகம் மாறியது. சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி செத்துப்போகும், இன்றைக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு நடங்கள், நாளைக் காலையில் கட்டாயம் வாருங்கள் என்றாள். வேண்டுதல் என்றால் என்னவென்று இந்தப் பட்டணத்துப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று தெல்ஃபினாவுக்குச் சுருக்கென்றது. மருந்துக் குழாயை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ட்ரைசிக்கிளை விட்டு வீட்டு வாசலில் இறங்கும்போது நிங்னிங் சொன்னாள், “அழுக்கில்லையாம், அம்மா.” அதில் குற்றச்சாட்டு இல்லை. சந்தோஷம் இருந்தது. அதுதான் தெல்ஃபினாவை நெஞ்சில் குத்தியது. வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாக அந்தக் கல்லை எடுத்துப் பின்பக்கம் கால்வாயில் வீசினாள்.

மாலையில் அரசி வேஷம் போடும் பெண்கள் எல்லாரும் மாதா கோயில் கூடத்தில் அலங்கரித்துக்கொண்டார்கள். இந்த வருஷ ஊர்வலத்தை எடுத்து நடத்துகிறவள் கொன்சிங். பூ வளைவிலிருந்து பேண்டு வாத்தியம் வரை அவள் ஏற்பாடு. அதனால் கூடத்துக்குள் அவள் சொன்னதுதான் சட்டம். பவுடர் வாசனை, ஸ்ப்ரே வாசனை, வியர்வை, பத்துப் பெண்களின் அம்மாக்கள். நிங்னிங் வெளிர் நீல கவுனில் வந்து நின்றபோது ஒரு நிமிஷம் எல்லாருமே பார்த்தார்கள். அழகாகத்தான் இருந்தாள். தையல்காரி அளவெடுத்துத் தைத்திருந்தாள், குறைத்துக் காட்ட முயற்சிக்காமல். தோளிலிருந்து கழுத்து அகலமாகத் திறந்திருந்தது.

கொன்சிங் கையில் ஒரு வெள்ளைச் சரிகைத் துணியோடு வந்தாள். அதைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளச் சொன்னாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் ஃபோட்டோ எடுப்பான், கப்பலில் இருக்கிற தம்பி பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்றாள். சுற்றிக்கொள்ளப் பிடிக்கவில்லையென்றால் அதுவும் சரி, ட்ரிக்ஸி தயாராகத்தான் இருக்கிறாள் என்றாள். தயாராகத்தான் இருந்தாள். தலையில் கிரீடம் ஒன்றுதான் பாக்கி. பாவம், அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அத்தை, இது அழுக்கில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க” என்றாள் நிங்னிங்.

“டாக்டருக்கு என்ன? ஊர்வலத்துல நடக்கப்போறது அவளா?”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அதோடு விட்டிருந்தால் தெல்ஃபினா பொறுத்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷம் பொறுக்கவில்லையா? கணவனின் அக்கா, ஊரில் பெரிய மனுஷி, என்று எத்தனையோ விழுங்கியவள்தான். ஆனால் கொன்சிங் மேஜையிலிருந்து முகம் துடைக்கிற ஈரக் காகிதம் ஒன்றை உருவினாள். எல்லாரும் பார்க்க, நிங்னிங்கின் தலையை ஒரு கையால் குனிய வைத்து, காலையில் தோல் உரிந்த அதே இடத்தில் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தாள்.

நிங்னிங் துள்ளினாள். கிரீடம் கழன்று தரையில் விழுந்து உருண்டது.

தெல்ஃபினா நடந்து வந்தாள். நாத்தனாரின் கையிலிருந்து அந்தக் காகிதத்தைப் பிடுங்கி விரித்துக் காட்டினாள். ஓரத்தில் ஒரு துளி ரத்தம். மற்றபடி வெள்ளை.

“அழுக்கு எங்க, அண்ணி? காட்டுங்க.”

கொன்சிங் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தெல்ஃபினா தன் கழுத்துத் துண்டை உருவிக் கீழே போட்டாள்.

மகளின் கழுத்து நிழல் என்றால் அம்மாவின் கழுத்து கரி. மடிப்பு மடிப்பாகத் தடித்து, ஓரமெல்லாம் குட்டிக் குட்டி மருக்கள். இத்தனை வருஷம் ஊருக்குச் சோறு போட்டவளின் கழுத்தை ஊர் அன்றுதான் பார்த்தது.

“இதையும் தொடைங்க. பத்து வருஷத்துக்கு மேல நானும் தேய்க்கறேன். மூணு வருஷமா உங்க சோப்பாலதான் தேய்க்கறேன். இதுல கொஞ்சமாவது உங்க காகிதத்துல ஒட்டுச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் இப்பவே வீட்டுக்குப் போயிடறோம். ஒட்டலன்னா, என் பொண்ணு கழுத்துல இனிமே யார் கையும் படக்கூடாது. என் கையும் சேத்துத்தான் சொல்றேன்.”

கொன்சிங் துடைக்கவில்லை. அவள் கையில் சரிகைத் துணி கசங்கியது. சிரித்த அம்மாக்கள் எல்லாரும் திடீரென்று தங்கள் பெண்களின் கொண்டையைச் சரிசெய்வதில் மும்முரமானார்கள். கிரீடத்தை எடுத்து, தூசி தட்டி, நிங்னிங்கின் தலையில் வைத்தது ட்ரிக்ஸி.

நிங்னிங் கிரீடத்தைக் கவனிக்கவில்லை. அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் டாக்டர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பிள்ளைக்கு வாசலில் நிற்கிறது என்றால், இவ்வளவு கறுத்த அம்மாவுக்கு?

“அம்மா, உனக்குமா?”

“அப்புறம் பேசலாம். நிமிந்து நட.”

பொழுது சாயத் தொடங்கியபோது ஊர்வலம் கிளம்பியது. பேண்டு வாத்தியம் முன்னால். மூங்கில் வளைவுகளின் கீழே ஒவ்வொரு அரசியாக. கடைசியில் நிங்னிங், கையில் சின்னச் சிலுவை, கழுத்தில் ஒன்றுமில்லை. ஏரிக்கரைத் தெருவில் ஜன்னல்களிலிருந்து பார்த்தார்கள், ஃபோனைத் தூக்கினார்கள், காதுக்குள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அந்தப் பெண் குனியவில்லை. “அருள் நிறைந்த மரியே” பாட்டில் பூப்போட்ட வாண்டுகளின் குரல்தான் உரக்கக் கேட்டது. அவர்களுக்கு அவள்தான் அரசி, அதில் ஒரு குழப்பமும் இல்லை.

அவளுக்குப் பின்னால் மெழுகுவத்தியோடு தெல்ஃபினா. துண்டில்லை, செருப்பில்லை. கழுத்தில் காற்று படுவது அவளுக்கே புதிதாக இருந்தது. இன்று ரூபெனுக்காக மட்டுமில்லை, மகளுக்காகவும் நடக்கிறேன் என்று மாதாவிடம் சொல்லிக்கொண்டாள். கூடைப்பந்து மைதானத்தைத் தாண்டும்போது காலுக்கடியில் ஏதோ நொறுங்கிய சத்தம் கேட்டது. சத்தம் மட்டும்தான். அவள் பாட்டை விடவில்லை.

மாதா கோயில் வாசலிலிருந்து பீடம்வரை புதிதாகப் போட்ட வெள்ளைத் தரை. நிங்னிங் படியேறி, சிலுவையைப் பீடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பெண்கள் கூட்டம் நடுவில் விலகி நின்றது. சிலர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கூடத்தில் தெல்ஃபினாவின் முகத்தைப் பார்க்கக் கூசியவர்கள் இப்போது அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

வாசலிலிருந்து அம்மா நிற்கிற இடம்வரை வெள்ளைத் தரையில் சிவப்பாகப் பாதம் பதிந்திருந்தது. வலது பாதம் மட்டும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட அடர்த்தியாக.

“ரத்தம் கொட்டுது, முகத்துல ஒரு சுளிப்பு இருக்கா பாரு. எல்லாம் மாதா அருள்” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி மண்டியிட்டு, கைக்குட்டையை அந்தப் பாதச் சுவடில் ஒற்றக் குனிந்தாள்.

“தொடாதீங்க” என்றாள் நிங்னிங். மாதா கோயிலுக்குள் அவள் இப்படிக் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. “அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல. இத்தனை வருஷமா என் கழுத்தப் பாத்து அழுக்குன்னீங்க. இப்ப எங்கம்மா கால் செத்துக்கிட்டு இருக்கு, அதப் பாத்துக் கும்புடறீங்க.”

கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கிரீடம் மறுபடி விழுந்தது, இந்த முறை யாரும் எடுக்கவில்லை. அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்து, தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் தூக்கி வைத்தாள். நீலப் பட்டு நனைந்தது. உள்ளங்காலில் பச்சை பாட்டில் கண்ணாடி ஆழமாகப் புதைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், இன்று வந்ததல்லாத வேறொரு புண் இருந்தது. பழையது. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் குழிவிழுந்து, வாடை வீசுவது.

தெல்ஃபினா குனிந்து பார்த்தாள். யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கை நீட்டி, அந்தக் கண்ணாடியை விரலால் மெல்லத் தொட்டாள். பிறகு அழுத்தினாள்.

“வலிக்கலையேடி” என்றாள்.

காலையில் டாக்டரிடம் பெருமையாகச் சொன்ன அதே வார்த்தை. இப்போது சொல்லும்போது அவள் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.